தானாகக் கசிந்த குருதியா?

மருத்துவ ஏடுகளில் ‘ஸ்பான்டேனியஸ்’ என்றோர் அடைமொழி அடிக்கடி வரும். தமிழில் அதனைத் ‘தன்னியல்பான’ என்றோ ‘தானாக நிகழ்ந்த’ என்றோ பெயர்ப்பது வழக்கம். விழுந்த காயம் இல்லை, ஊசி குத்திய தடம் இல்லை, அறுவை எதுவும் நடக்கவில்லை. ஆயினும் குருதி கசிந்திருக்கிறது என்பதே அதன் பொருள். முதுகெலும்புக் குழாய்க்குள், நரம்புகளைப் போர்த்தியிருக்கும் வன்படலத்துக்கு வெளியே, இவ்வாறு குருதி தேங்கி நரம்புகளை நெரிக்கும் நிலைக்குத் தன்னியல்பு எபிடியூரல் குருதிக்கட்டு என்று பெயர். 1869இல் ஜாக்சன் என்னும் மருத்துவர் ‘லான்செட்’ இதழில் எழுதிய குறிப்பே இதைப் பற்றிய முதற்பதிவாகக் காட்டப்படுகிறது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அடைமொழி மாறவில்லை. அந்த அடைமொழி இந்தியச் சூழலில் எவற்றையெல்லாம் மறைக்கிறது என்பதே இங்குக் கேட்கப்படும் கேள்வி.

உடற்கூற்றைச் சற்று நினைவுகூர்வது நல்லது. வளர்ந்த மனிதரில் தண்டுவடம் முதுகின் அடிவரை செல்வதில்லை. இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்திலேயே அது முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் கற்றையாகத் தொங்குகின்றன. பழைய உடற்கூற்றியலார் அதனைக் குதிரைவால் என்றனர், பெயர் நிலைத்துவிட்டது. கால்களை அசைப்பதும், தொடையின் உட்புறத்துக்கும் மறைவிடத்துக்கும் உணர்வு தருவதும், சிறுநீரையும் மலத்தையும் அடக்கவும் வெளியேற்றவும் செய்வதும், பாலுறவுக்குரிய உணர்ச்சியைக் காப்பதும் இக்கற்றையின் வேலைகள். இக்குழாயைச் சுற்றி மென்சுவர் கொண்ட சிரைகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் தடுக்கிதழ்கள் இல்லை. இருமினாலும் முக்கினாலும் வயிற்றில் எழும் அழுத்தம் நேரே அச்சிரைகளுக்குள் பாய்கிறது. பெரும்பாலோர்க்கு இதனால் தீங்கில்லை. உறைதல் கெட்ட குருதி ஓடும் உடலிலோ, ஒரு சிறு கீறலும் நிற்காமல் கசிந்துகொண்டிருக்கும். எலும்பாலான குழாய் விரிந்து கொடுக்காது. விட்டுக்கொடுக்க வேண்டியது நரம்பே.

இந்நோய் மிக அரிது. ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேரில் ஒருவர்க்கு என்பது மேலைநாடுகளில் வழங்கும் மதிப்பீடு. அவ்வீதத்தை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்தினால் ஆண்டுக்கு ஆயிரத்து நானூறு பேர் எனக் கணக்கு வரும். அப்படியே பொருத்தலாமா என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஏனெனில் குருதியின் உறைதலைத் தடுக்கும் மருந்துகளே இக்கசிவுக்கு அறியப்பட்ட காரணங்களுள் முதன்மையானவை. அம்மருந்துகளை உண்போர் யார், எப்படி உண்கின்றனர் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

மேலைநாட்டில் உறைதடுப்பு மருந்து பெரும்பாலும் முதியோரின் மருந்து. இந்தியாவில் அது முப்பது வயதுப் பெண்ணின் மருந்தாகவும் இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் வந்த தொண்டைப்புண்ணுக்கு உரிய காலத்தில் பெனிசிலின் கிட்டாமல், அது ருமாட்டிக் காய்ச்சலாகி, இதய வால்வுகளைச் சிதைத்து, இருபதுகளில் மூச்சிரைப்பாக வெளிப்படும் நோய் வசதி படைத்த நாடுகளில் ஏறக்குறைய மறைந்துவிட்டது, இங்கு மறையவில்லை. சிதைந்த வால்வுக்கு மாற்றாக உலோக வால்வு பொருத்தப்படுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி 1990இல் முதன்முதலில் மனித இதயத்தில் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, இறக்குமதி வால்வை வாங்க இயலாத ஏழைகளுக்கும் இவ்வறுவையை எட்டச் செய்தது. இந்திய அறிவியல் பெருமைகொள்ளத்தக்க சாதனைகளுள் அதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் உலோக வால்வு பொருத்தப்பட்டவர் வாழ்நாள் முழுதும் வார்ஃபரினோ அசினோகுமராலோ உண்டாக வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் குருதி உறைந்து பக்கவாதம். மிகுந்தால் எங்கேனும் கசிவு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பாதையில் நோயாளி நடக்கிறாரா என்பதை ஐ.என்.ஆர். என்னும் குருதிச் சோதனை மட்டுமே சொல்லும். பெரும்பாலோர்க்கு அந்த எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலும், மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளோர்க்குச் சற்று மேலேயும் இருக்க வேண்டும்.

வார்ஃபரினின் பிறப்பையும் இங்கு மறக்கலாகாது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் கெட்டுப்போன தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் குருதி கசிந்து மாண்டதிலிருந்து தொடங்கிய ஆய்வின் விளைவே அது. 1948இல் எலிகளைக் கொல்லும் நஞ்சாகச் சந்தைக்கு வந்து, சில ஆண்டுகளில் மனித மருந்தாயிற்று. அளவே மருந்துக்கும் நஞ்சுக்கும் வேறுபாடு என்பதற்கு இதனினும் நேரடியான சான்று தேட வேண்டியதில்லை. அந்த அளவும் உறுதியாக நிற்பதன்று. கீரை மிகுந்தால் மருந்தின் வலு குறையும். மெட்ரோனிடசோல், கோ-ட்ரைமாக்சசோல், ஃபுளுக்கோனசோல் என்று எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் மாத்திரைகள் அதன் வலுவைப் பெருக்கும். காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் வலுவைக் குறைக்கும் என்பதால் உறைதடுப்பு மருந்தின் அளவு கூட்டப்படும். காசநோய் மருந்து முடிந்த சில வாரங்களில், கூட்டிய அளவே நோயாளிக்கு எமனாகும். காசநோயும் ருமாட்டிக் இதய நோயும் ஒரே வீட்டில் குடியிருக்கும் நாட்டில் இது புத்தகத்து எச்சரிக்கை மட்டுமன்று.

புதிய மருந்துகள் வந்துவிட்டனவே, அவற்றுக்கு இச்சோதனை வேண்டாமே என்று கேட்கலாம். உலோக வால்வு உள்ளோர்க்கு டாபிகாட்ரானைத் தந்து பார்த்த ஆய்வு, உறைவும் கசிவும் இரண்டுமே கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டு 2013இல் வெளியாயிற்று. ருமாட்டிக் இதய நோயோடு இதயத் துடிப்புச் சீரின்மையும் உள்ளோரிடம் ரிவராக்சபானை ஒப்பிட்ட இன்விக்டஸ் ஆய்வு 2022இல் பழைய மருந்தே மேல் என்று காட்டியது. ஆகவே வளர்ந்த நாட்டு முதியவர் சோதனையின்றி உண்ணும் புதிய மாத்திரை இந்திய உழவர் மகளுக்கு உதவாது. அவளுக்குப் பழைய மாத்திரையும், மாதந்தோறும் குருதிச் சோதனையுமே விதி. வால்வின் விலையைக் குறைக்க அறிவாளிகள் பல ஆண்டுகள் உழைத்தனர். சோதனைக்காக ஒவ்வொரு மாதமும் இழக்கப்படும் ஒரு நாட் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் குறைக்க அதே அக்கறையுடன் எவரும் அமர்ந்ததாகத் தெரியவில்லை. மூன்று மாதம் சோதனை தவறிய ஒருத்தியின் முதுகில் குருதி கசிந்தால், அறிக்கையில் அது ‘தன்னியல்பு’ என்றே எழுதப்படும். மருத்துவ வகைப்பாட்டின்படி அது பிழையுமன்று. ஆனால் அச்சொல்லைப் படிக்கும் நிருவாகிக்கு, இங்கு எவரும் எதையும் தவறவிடவில்லை என்ற ஆறுதல் கிடைத்துவிடுகிறது.

இனி அவ்விரவை எண்ணிப் பார்க்கலாம். பீகாரிலோ சத்தீஸ்கரிலோ ஒரு சிற்றூர் எனக் கொள்ளலாம். பெயரும் முகமும் தேவையில்லை. நாற்பதைத் தொடாத ஒரு பெண், எட்டாண்டுகளுக்கு முன் வால்வு மாற்றிக்கொண்டவள், தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தபின் இடுப்பில் கத்தி செருகியதுபோன்ற வலியை உணர்கிறாள். இடுப்புவலி அவ்வீட்டுக்குப் புதிதன்று. மாமியாருக்கு உண்டு, நாத்தனாருக்கு உண்டு. எண்ணெய் காய்ச்சித் தேய்க்கிறார்கள். வலி இரு கால்களுக்கும் இறங்குகிறது. ஊரில் ஊசி போடுபவர் அழைக்கப்படுகிறார். டைக்ளோஃபினாக் ஊசி, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதெனச் சட்டம் சொல்லும் மருந்துகளுள் ஒன்று. நடைமுறையில் இந்தியாவெங்கும் இடுப்புவலியின் முதற்பெயரே அதுதான். உறைதடுப்பு மருந்து உண்பவர்க்கு அவ்வூசி இருமடங்கு தீங்கு: அது குருதித் தட்டணுக்களின் வேலையைத் தடுக்கும், குத்திய தசையிலும் குருதி கட்டும். போடுபவர் அதைக் கேட்கவில்லை. அவளும் இதய மாத்திரைக்கும் இடுப்புவலிக்கும் என்ன தொடர்பு என்றெண்ணிச் சொல்லவில்லை. ஊசியால் வலி சற்றுத் தணிகிறது. தணிந்ததை அனைவரும் நல்ல குறியாகக் கொள்கின்றனர்.

விடியும்போது கால்களில் வலுவில்லை. அதைவிட முக்கியமானது, முந்தைய மாலையிலிருந்து அவள் சிறுநீர் கழிக்கவில்லை. கழிக்க வேண்டும் என்ற உந்துதலே எழவில்லை. அடைப்பினால் வரும் நீர்க்கட்டு துடிக்க வைக்கும். நரம்பு செத்து வரும் நீர்க்கட்டு வலிக்காது. அதன் கொடுமையே அதுதான். பை நிரம்பி வழிந்து துளித்துளியாகச் சொட்டத் தொடங்கும்போது, நீர் போகிறதே என்ற தவறான நிம்மதியும் வந்துவிடும். தொடையின் உட்புறத்திலும் மறைவிடத்திலும் மலவாயைச் சுற்றியும் உணர்வு மங்கியிருக்கிறது. சேணத்தில் அமர்ந்தால் எவ்விடம் படுமோ அவ்விடமெல்லாம் மரத்துப்போதல் என்று நூல்கள் இதனை விளக்கும். குதிரை ஏறியறியாத மக்களுக்கு அவ்வுவமை பயனற்றது. மிதிவண்டி இருக்கை என்று சொன்னால் விளங்கும்.

மாவட்ட மருத்துவமனையின் புறநோயாளர் வரிசையில் அவளுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கிறது. மேசையைச் சுற்றி ஆறு பேர் நிற்கின்றனர். கணவனோ மைத்துனனோ அருகில் இருக்கிறான். ‘கமர் தர்த்’ என்று அவன்தான் சொல்கிறான். மறைவிடம் மரத்துவிட்டது என்பதை அந்நிலையில் எப்பெண்ணும் தானாகச் சொல்ல மாட்டாள். கேட்டால் ஒருவேளை தலையசைப்பாள். கேட்கப்படுவதில்லை. ‘சுன்’ என்றும் ‘ஜுன்ஜுனி’ என்றும் இந்தியில், ‘மதமதப்பு’, ‘திமிர்’ என்று தமிழில், ஒவ்வொரு மொழியிலும் இவ்வுணர்வுக்குச் சொற்கள் உள்ளன. அவை ஊற வைத்த காலுக்கும் உறங்கிப்போன கைக்கும் உரியவை. இடுப்புக்குக் கீழே, தொடைகளுக்கு நடுவே, அச்சொற்களை வெளிப்படையாக எடுத்துச் செல்ல மொழி இடங்கொடுப்பதில்லை. இதை மருத்துவம் நாணத்தின் குறை என்று தள்ளிவிடக் கூடாது. ஒரு திரையும், செவிலி ஒருவரும், நேரான ஒரு கேள்வியும் இருந்தால் தீரும் குறை அது. எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது, எலும்பு நன்றாக இருக்கிறது. குருதிக்கட்டு எக்ஸ்ரேயில் தெரியாது. மாத்திரைகளுடன் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள்.

மணிக்கணக்கு இங்கே எல்லாமாகிறது. 1996இல் வெளியான ஓர் ஆய்வு, செயல் முழுதும் இழந்தோர்க்கு 36 மணி நேரத்துக்குள்ளும் ஓரளவு எஞ்சியிருப்போர்க்கு 48 மணி நேரத்துக்குள்ளும் அறுவை நிகழ்ந்தால் மீட்சி மேம்படுகிறது என்றது. வேறு சிலர் 12 மணி நேரத்தையே வரம்பாகக் காட்டுவர். எண்ணில் கருத்துவேறுபாடு உண்டு; விரைவில் கருத்துவேறுபாடில்லை. இங்கிலாந்தில் 2023இல் வெளியான நாடுதழுவிய நெறிமுறை, குதிரைவால் நரம்பு நெரிவு என ஐயம் எழுந்து கேட்கப்பட்டால் நான்கு மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும் என்கிறது. இந்தியாவில் எம்.ஆர்.ஐ. கருவிகளுக்குப் பஞ்சமில்லை, பெருநகரச் சாலைகளில் ஒன்றுக்கு எதிரே ஒன்று நிற்கின்றன. இரவில், அரசு மருத்துவமனையில், பணம் கட்டும் முன்னரே இயங்கும் கருவிக்குத்தான் பஞ்சம்.

கருவியை எட்டிய பின்னும் எளிதன்று. குருதிக்கட்டை அகற்ற முள்ளெலும்பின் பின்வளைவைத் திறக்க வேண்டும். அதற்கு முன் உறைதலை மீட்க வேண்டும். மீட்டால் உலோக வால்வு அடைபடலாம். நரம்பு அறுவையரும் இதய மருத்துவரும் ஒரே இரவில் ஒரே இடத்தில் பேசி முடிவெடுக்க வேண்டிய நோய் இது. அறிகுறிகள் இலேசாக இருந்து தாமே குறையத் தொடங்கினால் அறுவையின்றிக் காத்திருந்து பார்ப்பதும் உண்டு. அத்தீர்ப்பையும் தேர்ந்தோரே, அருகிருந்து வழங்க வேண்டும். பேருந்தில் போய்க்கொண்டிருக்கும் நோயாளிக்கு அதை எவரும் வழங்க இயலாது.

பத்து இலட்சத்தில் ஒருவர்க்காக ஒரு நாட்டின் சுகாதார அமைப்பை மாற்றக் கேட்பது அளவு மீறியதன்றோ என்பது எழக்கூடிய முதல் மறுப்பு. அளவைக் கருதும் மறுப்பு என்பதால் மதிக்கத்தக்கதே. ஆனால் குதிரைவால் கற்றையை நெரிப்பது குருதிக்கட்டு மட்டுமன்று. பிதுங்கிய முதுகுத்தட்டு, முதுகெலும்புக் காசநோயின் சீழ்க்கட்டு, பரவி வந்த புற்று, எல்லாம் அதே இடத்தில் அதே கேடுகளைச் செய்கின்றன. “நேற்றிலிருந்து சிறுநீர் போயிற்றா? இருக்கையில் படும் இடம் மரத்திருக்கிறதா?” என்ற இரு வினாக்கள் அனைத்தையும் பிடிக்கும் வலை. ஐ.என்.ஆர். சோதனையும் அவ்வாறே. முதுகுக் கசிவைவிடப் பன்மடங்கு மிகுதியாக நிகழும் மூளைக் கசிவையும் குடற் கசிவையும் தடுக்கும் சோதனை அதுவே. அரிய நோய் இங்கே ஓர் உரைகல். எங்கெங்கு வழி அடைபட்டிருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. அடைப்பு அனைவர்க்கும் பொது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூரியது. இடுப்புவலிக்காரர் எல்லாரும் நீர் போகவில்லை என்று சொல்லத் தொடங்கினால் எம்.ஆர்.ஐ. வரிசை நீண்டு, உண்மையில் தேவைப்படுவோர் பின்தள்ளப்படுவர் என்பது. மெய்தான், வலியும் வலிமாத்திரையும்கூடச் சிறுநீரை மட்டுப்படுத்தும். இதற்கு விடை விலையுயர்ந்ததன்று. சிறுநீர் கழித்தபின் பையில் எஞ்சுவது எவ்வளவு என்று அளந்தால் போதும். 200 மில்லிலிட்டருக்கு மேல் எஞ்சினால் ஐயம் வலுக்கிறது. சிறு அல்ட்ராசவுண்ட் கருவி அதை நொடியில் காட்டும். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அக்கருவிகளின் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதற்குத் தக்க காரணம் உண்டு; அச்சட்டத்தைத் தளர்த்தக் கேட்பதும் இங்கு நோக்கமன்று. கருவி இல்லாத இடத்தில் ஒரு வடிகுழாயும் அளவுக்கோடிட்ட குவளையும் அதே விடையைத் தரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவ்விரண்டும் உண்டு. அவற்றை இடுப்புவலிக்காக எடுக்கலாம் என்ற பயிற்சிதான் இல்லை.

தாமதத்தின் விலை என்ன என்பதைப் பேசாமல் விடுவது இத்துறையில் ஒரு வழக்கமாகிவிட்டது. அறுவைக்குப்பின் பலர் நடக்கின்றனர். அறிக்கையில் ‘நல்ல மீட்சி’ என்று எழுதப்படுகிறது. சிறுநீர்ப்பையும் குடலும் அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. மிச்சிகனைச் சேர்ந்த ஜாக் லேப்பிடஸ் 1972இல் முன்வைத்த முறைப்படி, ஒரு நாளில் நான்கைந்து முறை தாமே குழாய் செலுத்திப் பையை வடித்துக்கொள்வோர் சிறுநீரகத்தைக் காத்துக்கொள்ளலாம். அதற்குத் தூய நீரும் தாழிடக்கூடிய கழிப்பறையும் தொடர்ந்து குழாய் வாங்கும் வசதியும் வேண்டும். வயலில் நாற்று நடும் பெண்ணுக்கு இம்மூன்றில் எது கிட்டும்? அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வாள், தொற்று வரும், சிலருக்குச் சிறுநீரகமும் போகும். திருமண வாழ்வில் இழந்ததைப் பற்றி அவளிடம் எவரும் கேட்பதுமில்லை.

முதுகுத்தண்டு முறிந்தோர்க்கு இந்நாடு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வுத் துறையை வளர்த்தெடுத்தார். 1965இல் எவரெஸ்ட் சிகரம் தொட்டு, அதே ஆண்டுப் போரில் குண்டடிபட்ட மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா தில்லியில் முதுகெலும்புக் காயத்துக்கென ஒரு மையத்தையே எழுப்பினார். அவ்விருவரின் இழப்பும் சக்கர நாற்காலியாகக் கண்ணுக்குத் தெரிந்தது. நடந்துகொண்டே பையையும் குடலையும் இழந்தவர் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு குறைபாடுகளைப் பெயரிட்டுச் சொல்கிறது. ஹீமோஃபீலியா அவற்றுள் உண்டு. கைகால் இயக்கக் குறைபாடு உண்டு. சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் ஆற்றலை இழத்தல் தனிப் பெயராக இல்லை. சான்றிதழ் வாரியத்தின் முன் அவள் எழுந்து நடந்து சென்றால், அந்நடையே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடக்கூடும். பட்டியல் திருத்தப்பட வேண்டும் என்பதற்கு இதனினும் வலுவான வாதம் தேவையில்லை.

உடனடியாகச் செய்யக்கூடியவை உண்டு. ஐ.என்.ஆர். சோதனையை விரல்நுனித் துளியில் செய்யும் கையடக்கக் கருவி சர்க்கரைச் சோதனைக் கருவியைப் போன்றதே. வட்டார அளவில் அதை வைத்து, கிராமச் சுகாதாரப் பணியாளர் வழி மாதந்தோறும் பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவன்று. வால்வு மாற்றியோர்க்குத் தரப்படும் அட்டையில் தேதிக்கும் எண்ணுக்கும் கட்டங்கள் உள்ளன. அதே அட்டையில் நோயாளி படிக்கும் மொழியில், அல்லது படிக்கத் தெரியாதவருக்குப் படமாக, நான்கு வரிகள் சேர்க்கப்பட வேண்டும்: இம்மருந்து உண்பவர் தசையில் வலியூசி போட்டுக்கொள்ளலாகாது, புதிதாக வேறெந்த மருந்து தொடங்கினாலும் நிறுத்தினாலும் ஒரு வாரத்துக்குள் சோதனை செய்ய வேண்டும், திடீரென முதுகு வலித்துக் கால் தளர்ந்தாலோ, சிறுநீர் வராது போனாலோ, இருக்கையில் படும் இடம் மரத்தாலோ அன்றே, அப்பொழுதே, எம்.ஆர்.ஐ. உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே முதலில் இவ்வட்டையைக் காட்ட வேண்டும்.